டி டிரைவைக் காணவில்லை

திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்காரவில்லை.

கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் 'டொக்கு டொக்கு' என்று தட்ட ஆரம்பித்ததுதான் காரணம். சுற்றுவட்டாரத்தில் பத்தொன்பது பள்ளிக்கூடங்களுக்கான காலாண்டுத் தேர்வு வினாத்தாள்கள் அத்தனையும் அந்தத் தட்டுகிற பெட்டிக்குள் இருந்தன. வியாழக்கிழமை மாலை ஐந்து மணி பஸ்ஸில் அவை மதுரை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மரிய அந்தோணி இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பொறுப்பைச் சுமந்து வருகிறவர். தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆன பிறகும் தேர்வுக் குழு அவரை விடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கேள்விகூட வெளியே கசிந்ததில்லை. ஒரு வினாத்தாளுக்கு ஒரே பிரதி என்பது அவர் போட்ட விதி. மருமகள் ரீனா தட்டச்சு செய்து முடித்ததும் கையெழுத்துத் தாளை அவரே கொல்லைப்புறத்தில் கொளுத்திவிடுவார். போதாததற்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் திருகாணிகள் மேலெல்லாம் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை வைத்திருந்தார். காரைக்குடியிலேயே அரக்கு முத்திரை வைத்த கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

நேற்று அந்த முத்திரையை அவரே உடைக்க வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் மெக்கானிக் வீரபாண்டியன் புது டிஸ்க்கோடு வந்தான்.

"பழசை அப்படியே அச்சா புதுசுல இறக்கிரலாம் சார். ஆட்டைப் பார்த்து ஆடு செஞ்சான்ல வெள்ளைக்காரன், அந்த மாதிரிதான்," என்றான்.

"செய். ஆனா டி-ன்னு ஒண்ணு இருக்குல்ல, அதை மட்டும் நீ தொடக்கூடாது. கண்ணாலகூடப் பார்க்கக்கூடாது."

பழைய டிஸ்க் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சி என்ற பிரிவில் கம்ப்யூட்டரை ஓட்டும் சாமான்கள். டி என்ற பிரிவில் வினாத்தாள்கள். வீரபாண்டியன் சொன்ன சொல் தட்டாதவன். சி-யை மட்டும் புது டிஸ்க்கில் பிரதி எடுத்து, இரண்டு டிஸ்க்குகளையும் உள்ளே மாட்டி வைத்துவிட்டுக் கிளம்பினான். "நாளைக்குக் கீழச்சிவல்பட்டியில ஒரு வேலை. மத்தியானம் வாரேன் சார்," என்றான்.

அந்த நாளை, வியாழக்கிழமை, விடிந்துவிட்டது. மணி ஒன்பது. கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் மட்டும் நின்றது.

"என்னடா சொல்லுது?" என்றார் மரிய அந்தோணி.

"உள்ள ஒண்ணுமே இல்லைங்குதுப்பா," என்றான் ஜெரால்டு.

ஜெரால்டு இளைய மகன். அவருக்கும் அவனுக்கும் பதினோரு நாளாகப் பேச்சு இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும்தான். பள்ளத்தூர் நாகநாதன் மகள் மஹாலட்சுமியைத்தான் கட்டுவேன் என்று அவன் சொன்ன அன்று, "இந்த வீட்டுப் பேருக்கு ஒரு மரியாதை இருக்கு" என்பதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். நாகநாதனும் ஒரு தலைமையாசிரியர். இதே தேர்வுக் குழுவின் செயலாளர். போன ஞாயிற்றுக்கிழமை அவர் பொதுவான ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: 'மதம் எனக்குப் பெரிசில்ல. பையன் பொறுப்பானவன்னு என் மனசுக்குப் படணும். அவ்வளவுதான்.'

மரிய அந்தோணி அதற்குப் பதில் அனுப்பவில்லை.

ஜெரால்டு ஒரு பிளாப்பியைச் சொருகி, எஃப்டிஸ்க் என்ற நிரலைத் திறந்தான். டிஸ்க்கைப் பிரிப்பதும் பிரித்ததைப் பார்ப்பதும் அதன் வேலை.

"இந்தா இருக்கு. பிரதி எல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கான். எதுலருந்து கிளம்பணும்னு அடையாளம் வைக்க மறந்துட்டான்," என்று சொல்லி ஓர் எண்ணை அழுத்தினான்.

அவன் அழுத்திய ஒவ்வொரு விசையையும் மரிய அந்தோணி பின்னால் நின்று சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எதையும் எழுதி வைத்துக்கொள்வது அவர் பழக்கம்.

மறுபடி போட்டபோது திரை நீலமாக மலர்ந்தது. ரீனா மூச்சை விட்டாள். மூத்த மகன் அந்தோணி பிரபு திருச்சியில் வேலை பார்க்க, மாமனார் வீட்டில் இருந்து இந்தத் தட்டச்சு முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்பவள் அவள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து டி-யைத் திறந்தாள். அவள் முகம் மாறியது.

"மாமா, இங்குட்டு வந்து பாருங்க. டி-யில கேள்வித்தாளே இல்ல. வேற என்னமோ இருக்கு."

மரிய அந்தோணி குறிப்பேட்டை மூடாமலே திரையருகே குனிந்தார்.

"பயப்படாதீக அண்ணி," என்றான் ஜெரால்டு. "ரெண்டு டிஸ்க் இருக்குல்ல. புதுசோட சி முதல்ல நிக்குது. பழசோட சி இப்ப டி-ன்னு வந்து நிக்குது. நம்ம பழைய டி ஒரு இடம் தள்ளி ஈ ஆயிருச்சு. எழுத்துங்கிறது வரிசைதான். முன்னால ஒருத்தன் வந்தா பின்னால இருக்கிறவன் நகருவான்."

ஈ-யைத் திறந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஐந்து கோப்புறைகள். எல்லாம் இருந்தன. பழைய டிஸ்க் உள்ளே ஒரு முறை தட்டிவிட்டு அடங்கியது.

"மாமா, இப்பவே பிரிண்ட் எடுத்துரட்டுமா?" என்றாள் ரீனா. "இது தட்டுற தட்டைக் கேட்டா எப்ப நின்னுருமோன்னு இருக்கு."

"இரும்மா. பதிவேட்டுல டி-ன்னுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். முதல்ல அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கட்டும். எடுக்கிறதை அங்க இருந்து எடுப்போம்."

ரீனா ஜெரால்டைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"சரிப்பா. புதுசுல மீதி இடம் காலியாக் கிடக்கு. அதைப் பிரிச்சு, கேள்வித்தாளைக் காப்பி பண்ணிட்டு, அப்புறம் பழசைக் கழட்டுனா எல்லாம் பழையபடி டி ஆயிரும். அதுவரைக்கும் ஈ-ன்னே இருக்கட்டும்."

மீண்டும் பிளாப்பியைப் போட்டு எஃப்டிஸ்க்கைத் திறந்தான். அந்த நேரம் கூடத்தில் தொலைபேசி அடித்தது. ரீனா அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போயிருந்தாள். ஜெரால்டு எழுந்து போனான்.

அவன் குரல் தணிந்தது. தணிந்த விதத்திலேயே எதிர்முனையில் யார் என்று மரிய அந்தோணிக்குத் தெரிந்துவிட்டது.

சுவரில் மணி பத்து முப்பத்தெட்டு. திரை அவருக்காகக் காத்திருப்பதுபோல் நின்றது. பத்தொன்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தேர்வு ஒரு தட்டுகிற பெட்டிக்குள் கிடக்க, இவன் அங்கே கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் கணக்கு தெளிவாக இருந்தது. டி என்ற இடத்தில் உதவாத பழைய சி உட்கார்ந்திருக்கிறது. அதன் பிரதிதான் புதுசில் இருக்கிறதே. அதை எழுப்பிவிட்டால் இடம் காலி. பிறகு வினாத்தாள் தன் இடத்துக்கு வந்துவிடும். இதற்கு ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தார். அழிப்பதற்கென்று திரையில் வந்த பட்டியலில் முதல் வரி. டி. நிச்சயம்தானா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினார். ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதினார். மிஷினை மறுபடி கிளப்பச் சொன்னது. அதையும் செய்தார்.

மறுபடி டிஸ்க் பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தார். டி அப்படியே இருந்தது.

அழியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். முதல் வரி வேலை செய்யாவிட்டால் மூன்றாம் வரி. டி. நிச்சயம்தானா. ஆம்.

இப்போது பட்டியலில் டி இல்லை. ஈ-யும் இல்லை. எதுவுமே இல்லை.

இருபத்திரண்டு வருஷம் கேள்வித்தாள் பார்த்த மனிதருக்குத் தான் எழுதிய விடை தவறு என்பது புரிய ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. முதல் முறையே டி அழிந்துவிட்டது. அது எழுந்த இடத்துக்கு வினாத்தாள் நகர்ந்து வந்திருந்தது, பையன் சொன்னபடியே. இரண்டாம் முறை அவர் அழித்தது வினாத்தாளை.

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். குறிப்பேடு மேஜை மேலேயே விரிந்து கிடந்தது.

ஜெரால்டு வந்தான். உட்கார்ந்தான். இரண்டு விசைகளை அழுத்தினான். பிறகு அசையவில்லை.

கரண்டியோடு வந்த ரீனா, "என்ன தம்பி, ஏன் இப்பிடி உக்காந்திருக்கீக?" என்றாள்.

ஜெரால்டின் பார்வை குறிப்பேட்டின் மேல் விழுந்தது. கடைசி வரி மட்டும் அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அவன் அதை மெதுவாக மூடி, அப்பாவின் பக்கம் தள்ளி வைத்தான்.

"அண்ணி, ஈ போயிருச்சு. நான் எழுந்திரிக்கும்போது கை எதுலயோ பட்டிருக்கும்."

ரீனாவின் கையிலிருந்த கரண்டி சுவரில் மோதியது. அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குறிப்பேட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.



அடுத்த இரண்டு மணி நேரம் அவர் வீட்டுக்குள் நடந்த தூரத்தை நேராக நடந்திருந்தால் அமராவதிபுதூருக்கே போயிருக்கலாம். கூடத்தில் திருஇருதயப் படத்துக்கு முன்னால் வரும்போதெல்லாம் வேகம் கூடியது. ரீனா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் காதில் விழவில்லை.

பன்னிரண்டரைக்கு வீரபாண்டியன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் வாரேன்னு சொன்னேன்ல. அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு, கல்யாண முகூர்த்தமா போயிருச்சு?"

"வருமா வராதா, அதைச் சொல்லு," என்றாள் ரீனா.

"சரக்கு உள்ளதான் இருக்கு அக்கா. இந்த இடத்துலருந்து இந்த இடம் வரைக்கும்னு எல்லை எழுதி வச்சிருப்பான். அந்த வரிதான் போச்சு. திரும்ப எழுதுனா கிடைக்கும். ஆனா தப்பா எழுதிட்டோம்னா, அதை நம்பி மிஷின் சரக்கு மேலயே வேற எதையாச்சும் எழுதிப்புடும். அப்புறம் அந்தோணியாரே வந்தாலும் ஒண்ணும் ஆகாது."

அவன் தன் பையிலிருந்து வேறொரு பிளாப்பியை எடுத்தபோது வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

நாகநாதன். வினாத்தாள் கட்டை வாங்கிக்கொள்ள நான்கு மணிக்கு வர வேண்டியவர், ஒரு மணிக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல்பை.

"வேலை முடிஞ்சிருந்தா முன்னாடியே கிளம்பலாம்னு வந்தேன் சார்," என்றவர், அறைக்குள் இருந்த முகங்களைப் பார்த்து நிறுத்தினார். "என்ன ஆச்சு?"

வீரபாண்டியன் சொன்னான். நாகநாதன் நின்றபடியே கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யார் கை பட்டது?"

"நான்தான் சார்," என்றான் ஜெரால்டு.

நாகநாதன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோல்பையை மடியில் வைத்து அதன் வாரைப் பூட்டினார்.

அந்த வார் பூட்டிய சத்தத்தில் மரிய அந்தோணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொறுப்பான பையனா என்று பார்க்கக் காத்திருந்த மனிதருக்கு விடை கிடைத்துவிட்டது. பள்ளத்தூர்ச் சம்பந்தம் இந்த அறையிலேயே, இந்த நிமிஷமே முடிந்துவிட்டது. பதினோரு நாளாக எதைத் தடுக்க அவர் தூங்காமல் கிடந்தாரோ, அது தானாகவே தடைபட்டுவிட்டது. அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.

அவர் சும்மா நின்றார்.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லணும்," என்றான் வீரபாண்டியன். "அழிச்சது ஒரு தடவையா, ரெண்டு தடவையா? நடுவுல மிஷினை மறுபடி கிளப்புனீகளா? ஒரு தடவைன்னா ஒரு வரிதான் போயிருக்கும். ரெண்டுன்னா ரெண்டு வரி, ரெண்டும் வேற வேற இடத்துல இருக்கும். அதுக்குத் தக்கனதான் நான் எழுதணும்."

ஜெரால்டு உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை.

"ஒரு தடவைதான்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

வீரபாண்டியன் விரலைச் சொடக்கிக்கொண்டு விசைப்பலகையின் மேல் கையை வைத்தான். எண்களைத் தட்ட ஆரம்பித்தான். ரீனா தன் மாமனாரைப் பார்த்தாள். அவள் ஊகித்துவிட்டாள்; ஆனால் சொல்ல மாட்டாள். அந்த வீட்டு மருமகள் சொல்ல மாட்டாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

"வீரபாண்டியா, கையை எடு."

எல்லாரும் திரும்பினார்கள்.

மரிய அந்தோணி சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளியில் வருகைப்பதிவு வாசிப்பதுபோல் வாசித்தார்.

"பத்து நாப்பதுக்கு ஒண்ணாம் வரி, டி. அப்புறம் மிஷினை மறுபடி கிளப்புனது. பத்து நாப்பத்தாறுக்கு மூணாம் வரி, டி. ரெண்டு தடவை." ஒரு கணம் நிறுத்தினார். "அழுத்துனது நான். அவன் அப்ப ரூமுலயே இல்ல."

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அந்த நோட்டை இப்பிடிக் கொடுங்க சார்," என்றான் வீரபாண்டியன். வாங்கிப் பார்த்தவன், எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். "இம்புட்டுத் தெளிவா எழுதி வச்சுக்கிட்டா தப்பு பண்ணுவாக," என்று முனகியது எல்லார் காதிலும் விழுந்தது.

நாகநாதன் மரிய அந்தோணியைப் பார்க்கவில்லை. ஜெரால்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ ஏன் தம்பி நான்தான்னு சொன்ன?"

ஜெரால்டு தரையைப் பார்த்தான். நாகநாதன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் வீரபாண்டியன் மிஷினைக் கிளப்பினான். திரையில் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. சி. டி. ஈ.

அவன் உடனே எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"அக்கா, நீங்க திறந்து பாருங்க. நான் பார்க்கக் கூடாதுல்ல."

ஐந்து கோப்புறைகளும் இருந்தன. ரீனா ஒவ்வொன்றாகத் திறந்து முதல் கேள்வியை வாய்க்குள் படித்தாள். பத்தாம் வகுப்புக் கணிதம் வந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "பிரிண்ட் எடுக்கவா மாமா?" என்றாள்.

"எடும்மா."

"பதிவேட்டுல டி-ன்னு இருக்கே மாமா. இது ஈ-யில இருக்கு."

"நான் திருத்திக் கையெழுத்துப் போட்டுக்கிறேன். நீ எடு."

அந்த வீட்டுப் பதிவேட்டில் அதுவரை அடித்தல் திருத்தல் கிடையாது.

பிரிண்டர் ஒரு மணி நேரம் அலறியது. தாள் தாளாக மரிய அந்தோணியே எண்ணி அடுக்கினார், உறையிலிட்டார், அரக்கை உருக்கி ஊற்றி மோதிரத்தை அழுத்தினார். அவசரத்தில் ஒரு முத்திரை கோணலாக விழுந்தது. நாகநாதன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

நான்கே காலுக்குக் கட்டு தயாராகிவிட்டது.

"செருப்பை மாட்டிக்கிட்டு வந்துர்றேன்," என்றார் மரிய அந்தோணி. கட்டு போகும்போது இரண்டு பேர் கூடப் போக வேண்டும் என்பது விதி. அந்த இருவரில் ஒருவராக அவர் போகாத வருஷம் கிடையாது.

"நீங்க இருங்க சார். காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீக," என்றார் நாகநாதன். "ரெண்டு பேருன்னுதானே விதி. தம்பி வரட்டும்."

அவர் குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. மரிய அந்தோணி மகனைப் பார்த்தார். பதினோரு நாளில் முதல் முறையாக நேராகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல இன்று காலை வரை அவருக்கு உரிமை இருந்தது.

"போயிட்டு வா," என்றார்.

ஜெரால்டு கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான். நாகநாதன் திரும்பி அவனிடம் ஏதோ கேட்டார். அவன் தலையசைத்தான். வண்டி கிளம்பியது.

ரீனாவும் மரிய அந்தோணியும் வாசலில் நின்று பார்த்தார்கள். தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் பஸ் ஸ்டாண்டு. ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

வண்டி முனையில் ஒரு கணம் நின்றது.

பிறகு வலது பக்கம், நாகநாதன் வீட்டுக்குப் போகும் பள்ளத்தூர் ரோட்டில் திரும்பியது.

"மாமா," என்றாள் ரீனா. "அங்குட்டு ஏன் போறாக?"